பாவு போடும் சந்து

எனக்கு வாய் நீளம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், வந்த வேகத்தில் வாயும் திறந்துவிடும். அதனால்தான், நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொன்னதும், என் வீட்டுக்காரர் சபாபதிக்கு முகம் செத்துப்போயிற்று.

"இவளையா?" என்றார். "என்னை ஏத்தக் கூடாதாமா?"

"வீடு அம்மா பேர்ல இருக்குது சார். கேஸ் போட்டிருக்கிறதும் அவங்க. அவங்க ஏறாம இருந்தா எதிர்த்தரப்பு விடுவாங்களா?" என்றார் வக்கீல் இளவரசி. சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. என்னைப் பார்த்து, "துர்காம்மா, கோபப்படாம பேசிடுவீங்க இல்ல?" என்று கேட்டார்.

"நான் எங்கம்மா கோபப்படறேன்?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குத் தெருவாசல் கிடையாது. தெருவை ஒட்டி இருப்பது தில்லையம்மாள் அக்காவின் வீடு. முன்பக்கத்தைக் கடைக்கு விட்டுவிட்டார்கள், அதனால் அவர்கள் புழங்கும் வாசல் பக்கவாட்டில் இருக்கும் சந்தில் இருக்கிறது. அந்தச் சந்து தெருவிலிருந்து நூல் பிடித்தாற்போல நேராக உள்ளே வந்து முடியும் இடத்தில் எங்கள் வாசல். சந்து அக்கா வீட்டு மனையோடு சேர்ந்தது, பட்டாவும் அவர்களுடையது. அதை நாங்கள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. நடந்து போவதற்கு எங்களுக்கு வேறு வழியும் உண்டு. கொல்லைப்பக்கம் சாக்கடை ஓரமாக அங்கே திரும்பி இங்கே திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடலாம். மனுஷர் வரலாம். பாவு வராது.

பாவு என்பது சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை முழு நீளத்துக்கும் விரித்து, இரண்டு பக்கமும் கம்பு நட்டு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, இளவெயிலில் உலர்த்திச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்கு வளைவில்லாத நீளம் வேண்டும். வளைத்துக் கட்டினால் ஒரு பக்கம் தொய்யும், ஒரு பக்கம் விறைக்கும், அந்தச் சேலையை எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். தெருவில் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பட்டுச் சேலை வாங்க வரும் கார்கள் விடிகிறதற்குள் வந்து நிற்கிற தெரு எங்கள் தெரு. கம்பை நடுவதற்குள் நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். ஆகவே எங்களுக்குச் சந்துதான். சந்து போனால் தறி போயிற்று. இரண்டு தறியும் ஓய்ச்சல் இல்லாமல் ஓடுகிற வீடு, வழியில்லாமல் மூடினால் அதைவிட அநியாயம் உண்டா?

பாவு போடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. அடுத்தவர் வாசலுக்கு முன்னால் விரிப்பதாக இருந்தால், முதலில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் வீட்டு வாசலாக இருந்தாலும் கேட்காமல் கம்பு நடமாட்டார்கள். என் மாமியார் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியிலேயே நின்று, "பாவு போடறோம், வழி குடுங்க!" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து அக்கா, "போடுங்க, போடுங்க" என்பார். அப்புறம்தான் அத்தை சந்தில் கால் வைப்பார். பாவு காய்கிற வரைக்கும் அக்கா வீட்டில் எல்லோரும் குனிந்து அடியில் புகுந்துதான் வெளியே போவார்கள். அத்தை போன பிறகு நான் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான். இத்தனை வருஷத்தில் அக்கா ஒருமுறைகூட "இன்னிக்கு வேணாம்" என்று சொன்னதில்லை.

போன வருஷம் அக்கா வீட்டை மகன் தினகரன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே பிள்ளை, ஒரகடம் பக்கம் கம்பெனியில் நல்ல வேலை. எழுதிக் கொடுத்துக் கொஞ்ச நாளில் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, சந்தின் குறுக்கே, இரும்புக் கதவு ஒன்று வந்து நின்றது.

"இன்னாபா இது?" என்று கேட்டேன்.

"கார் நிறுத்தறேன் ஆன்ட்டி. சேஃப்டி வேணும் இல்ல?" சின்ன வயசில் சித்தி என்று கூப்பிட்டவன். நான் எப்போது ஆன்ட்டி ஆனேனோ தெரியாது.

"பாவு எப்படிப் போடறது?"

"அதான் ஆன்ட்டி பிரச்சினையே. நாளைக்கு நான் விக்கலாம்னு போனா, இதுல வழிப் பாத்தியம் இருக்குதுன்னா எவன் வாங்குவான்? அம்மா ஏதோ பாவம் பாத்து விட்டுக்கினு இருந்தாங்க. ரைட்டுன்னு நெனச்சுக்காதீங்க."

பாவம் பார்த்தாம்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு நான் பேசிய பேச்சுத் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அக்கா வாசலிலேயே நின்றார், அவன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. மறுவாரமே கேஸ் போட்டோம். தீர்ப்பு வருகிற வரைக்கும் கதவைப் பூட்டக் கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் உத்தரவு கிடைத்தது.

அதன் பிறகுதான் இளவரசி எங்களை உட்காரவைத்துக் கேட்டார். "எத்தனை வருஷமா பாவு போடறீங்க?"

"எங்க மாமனார் காலத்திலேருந்து."

"இருபது வருஷத்துக்கு மேல, யாரும் தடுக்காம. நல்லது. யார்கிட்டயாவது பர்மிஷன் கேட்டீங்களா?"

"கேக்காம? ஒவ்வொரு தபாவும் கேட்டுட்டுத்தான் போடுவோம்!" என்றேன் பெருமையாக.

இளவரசி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னமோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

"இங்க பாருங்கம்மா. இது எங்க உரிமைன்னு நெனச்சு, பகிரங்கமா, யாரையும் கேக்காம இருபது வருஷம் போயிருந்தீங்கன்னா அது சட்டப்படி உங்க பாத்தியம். கேட்டுக் கேட்டுப் போயிருந்தீங்கன்னா அது அவங்க காட்டின தயவு. தயவை என்னிக்கு வேணா நிறுத்திக்கலாம்."

"அப்போ மரியாதையில்லாம மிதிச்சிகினு போனவனுக்குப் பாத்தியம், மரியாதையா கேட்டவனுக்கு இல்லையா?"

"கோர்ட்டுல அப்படித்தாம்மா."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மனுஷிக்குச் செய்த மரியாதையே நம் கழுத்துக்குச் சுருக்காகும் என்று யார் கண்டது?

இளவரசி சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வரி. "அது எங்க வழி, நாங்க போனோம், யாரையும் கேட்டதில்ல." எழுத்து வாக்குமூலத்திலும் அப்படியே எழுதினோம், கையெழுத்துப் போட்டேன். இன்னொன்றும் சொன்னார். இனிமேல் பாவு போடும்போது குரல் கொடுக்கக் கூடாது. தினகரன் போனில் பதிவு செய்துவிட்டால் கேஸ் அவ்வளவுதான்.

அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும். பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படிக்கு வருவேன். வாய் தானாகத் திறக்கும், நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் வந்து நிற்பது எனக்குத் தெரியும். குரலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு, திருடி மாதிரி, கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கம்பை நடுவேன். கஞ்சி தடவும்போது அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும் தண்ணீர்க் குடத்தோடு குனிந்து அடியில் புகுந்துகொண்டே, "கேக்கக்கூட மனசு வரலையா துர்கா?" என்றார். வீட்டுக்குள் வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

சாட்சிக்குத் தேதி விழுந்ததும் சோறு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் அந்த வரிதான். அடுப்படியில் அந்த வரிதான். "எங்க வழி, நாங்க போனோம், யாரையும் கேட்டதில்ல." என் வீட்டுக்காரர் திடீர் திடீரென்று எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்பார், நான் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொன்னேன். ஆனாலும் அவருக்குப் பயம் தெளியவில்லை.

"துர்கா, அவன் இன்னா சொன்னாலும் நீ சூடாவாத. திட்டினாக்கூட அந்த ஒரு வார்த்தைதான். நம்ம சோறு அதுல இருக்குது."

"நான் இன்னா கொழந்தையா?" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே என் வாயைக் கண்டு பயமாக இருந்தது. போகும்போது காமாட்சி அம்மன் கோயில் பக்கமாக ஆட்டோவை ஓட்டச் சொல்லி, வெளியிலிருந்தே கும்பிட்டேன். தாயே, இன்றைக்கு ஒருநாள் என் நாக்கைப் பிடித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

கூண்டில் ஏறினேன். கடைசி பெஞ்சில் தினகரனும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வயசானவர், விபூதி இட்டிருந்தார். அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவரோ மகளிடம் பேசுவது மாதிரிப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இந்தச் சந்து யாரோடது அம்மா?"

"மனை அவங்களுது. வழி எங்களுது."

"பாவு போடறதுக்கு முன்னாடி தில்லையம்மாள்கிட்ட கேப்பீங்களா?"

"கேட்டதில்ல. எங்க வழி, நாங்க போனோம்."

"உங்க மாமியார்?"

"அவங்களும் கேட்டதில்ல."

சொல்லிவிட்டேன். இளவரசி லேசாகத் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"மாமியார் பேரு விசாலாட்சி இல்லையா? தெருவுல நல்ல பேருன்னு சொல்றாங்க."

"ஆமாங்க."

"நல்ல பேரு எடுத்தவங்க, இன்னொருத்தர் வாசலை அடைச்சு, உள்ளே பொம்பளைங்க பிள்ளைங்க இருக்கும்போது, ஒரு வார்த்தைகூடக் கேக்காம கம்பு நட்டாங்க. அப்படித்தானே?"

"எங்க வழி" என்றேன். கை கூண்டுக் கட்டையை இறுக்கிக்கொண்டது.

"சரிம்மா. தில்லையம்மாள் வீட்டுக்காரர் இறந்த அன்னிக்கு அந்தச் சந்துல உங்க பாவு கட்டியிருந்துச்சா?"

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "இருந்துச்சு" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து உடம்பு வந்து தெருவுல நிக்குது. வாசலை மறிச்சு உங்க பாவு. உங்க மாமியார் என்ன செஞ்சாங்க? ஈரப் பாவு, எடுத்தா கெட்டுப்போயிடும், காயட்டும்னு பொணத்தைத் தெருவுலயே நிக்க வெச்சாங்களாமே?"

"யார் சொன்னது?" என்றேன்.

"நான் கேக்கறேன்மா. கேக்காம அடுத்தவன் மண்ணை மிதிக்கிற குடும்பம், பொணத்தை நிறுத்தி வெச்சா என்ன ஆச்சரியம்?"

"எந்த நாக்குய்யா அப்படிப் பேசுது?" நான்தான் கத்தினேன். "எங்க அத்தை கத்தரியை எடுத்துகினு ஓடினாங்க! முகூர்த்தப் புடவைக்குப் போட்ட பாவு. ஒரு எழை ரெண்டு எழை இல்ல, மொத்தமா, ரெண்டு பக்கமும் நறுக்கி வாரி எங்க வீட்டுத் திண்ணைல போட்டாங்க. பாவை அறுக்கறது எங்களுக்கு எம்மாம் பெரிய தோஷம் தெரியுமா? அறுத்துட்டு அக்கா காலண்ட உக்காந்து அழுதாங்க. அவங்களையா சொல்றே? அந்தப் புண்ணியவதி உயிரோட இருந்த வரைக்கும் அக்காவைக் கேக்காம ஒருநாள் அந்த மண்ணுல கால் வெச்சதில்ல! நானும் வெச்சதில்ல!"

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வக்கீல் புன்னகைகூடச் செய்யவில்லை. "கேக்காம ஒருநாளும் கால் வெச்சதில்ல" என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். "அதைப் பதிவு பண்ணிக்கணும்னு கேட்டுக்கறேன். வேற கேள்வி இல்லை."

இளவரசி கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து அக்கா எழுந்துவிட்டார். "அய்யோ, நான் அப்படிச் சொல்லலம்மா துர்கா! விசாலாட்சி அறுத்துப் போட்டாங்கன்னுதான் சொன்னேன். நிறுத்தி வெச்சாங்கன்னு நான் சொல்லவே இல்ல!" என்று அழுதார். கோர்ட் சிப்பந்தி அவரை உட்காரச் சொன்னார். தினகரன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

தீர்ப்பு வேறு எப்படி வரும்? அனுமதி பெற்று அனுபவித்து வந்தார்கள், எனவே பாத்தியம் கிடையாது, வழக்குத் தள்ளுபடி. அன்று சாயங்காலமே இரும்புக் கதவுக்குப் பூட்டு வந்தது.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். "விடு, எங்கம்மாவைத்தானே விட்டுக்குடுக்காம பேசின" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். அதில் மிச்சமிருந்த பாவு முடிந்துகொண்டே வந்தது. மேல்முறையீடு போட்டுப் பார்க்கலாம், நம்பிக்கை குறைவுதான் என்று இளவரசி சொன்னார். "போடறதா இருந்தா, அதுவரைக்கும் வழியைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடாதீங்கம்மா. கேட்டீங்கன்னா கொஞ்சநஞ்சம் இருக்கறதும் போச்சு" என்றார்.

முதல் தறி நின்றது. பிறகு இரண்டாவதும் நின்றது. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் உட்கார எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. ஆர்டர் கொடுத்த கடைக்காரர் தினமும் போன் செய்தார். புதுப் பாவு வந்து கொடியில் தொங்கியது. அடுத்த தெருவில், அதற்கடுத்த தெருவில் இடம் தேடி அலைந்துவிட்டு என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். எங்கும் வண்டி, எங்கும் கடை. இந்த வீட்டை விட்டுவிட்டு ஏனாத்தூர்ப் பக்கம் வாடகைக்குப் போகலாமா என்று ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

விடிந்ததும் பாவைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். "எங்க போறே? வக்கீலம்மா இன்னா சொன்னாங்க?" என்று அவர் பின்னாலேயே வந்தார். "மேல்முறையீடு வந்து என்னிக்குத் தறி ஓட்டறது? கோர்ட்டுல போனது போவட்டும். அக்கா இருக்குறாங்க இல்ல" என்றேன்.

பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நான்தான் அவர் ஜன்னலில் நிற்க நிற்க வாயை மூடிக்கொண்டு போனவள். நான்தான் அவரைக் கேட்டதே இல்லை என்று சத்தியம் செய்தவள்.

"யக்கா! பாவு போடறோம், வழி குடுங்க!"

குரல் பாதியில் உடைந்தது. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"போடுங்க, போடுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கதவை இழுத்தார். பூட்டு ஆடியது. பூட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சாவி?" என்றேன்.

"தினகரன்கிட்ட இருக்குது. எங்கிட்ட குடுக்கல." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "இரு, டூட்டிக்குத்தான் போய்கினு இருப்பான். கேட்டுட்டுச் சொல்றேன்."

போன் அடித்தது. எடுத்தான். அக்கா காதோடு ஒட்டி வைத்திருந்தும் அவன் குரல் எனக்குக் கேட்டது.

"தினகரா, துர்கா பாவு எடுத்துகினு வந்துகிறாப்பா. கொஞ்ச நேரந்தான்... நான் கூடவே நிக்கறேன்... இல்லப்பா, நானா தொறப்பேனா? அதான் உன்னைக் கேக்கறேன்... கோபப்படாதப்பா... சரிப்பா. வீடு உன்துதான், யார் இல்லன்னது?"

போனை வைத்துவிட்டான். அக்கா போனைக் கீழே இறக்கவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருப்பது மாதிரியே நின்றார்.

"இன்னிக்கு அவனுக்கு வேலை ஜாஸ்தி, அதான் எரிஞ்சு விழறான்" என்றார். "நாளைக்கு லீவு. நல்லா சமைச்சுப் போட்டு, அவன் சிரிச்ச முகமா இருக்கும்போது மெதுவா கேட்டுப் பாக்கறேன். நான் கேட்டா செய்வான், துர்கா. கெஞ்சிக் கேட்டா செய்வான்."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கேஸ் தோற்றபோது நான் அழவில்லை, பூட்டுப் போட்டபோதும் அழவில்லை. கம்பிக்கு ஊடே கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்கக்கா" என்றேன். "எனக்காக நீங்க யார்கிட்டயும் போய்க் கேக்காதீங்க."